அசலில் இல்லாத நிலா

என் கணவர் இறந்ததற்கு எனக்கு வந்த முதல் வாழ்த்து, மூல ஓவியச் சேகரிப்பாளர் மதிப்பீட்டு மன்றத்தின் செயலாளரிடமிருந்து வந்தது.

கதவைத் திறந்தபோது வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வழி தவறி வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு என் கொழுந்தன்.

"ஆழ்ந்த வருத்தம் மேடம். கூடவே வாழ்த்துகளும்," என்றார் கையுறைக்காரர்.

"வாழ்த்து எதுக்குங்க?"

"உயிரோட இருக்கற ஓவியர்னா, எப்ப வேணும்னாலும் இன்னொரு படம் போட்டுருவாரோன்னு சந்தையில ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கும். உங்க வீட்டுக்காரர் விஷயத்துல அந்தக் கவலை முழுசா நீங்கிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன வயசு?" என்றார்.

"அறுபத்து மூணு."

"ம்." அவர் முகம் லேசாக வாடியது. "நாப்பதுக்குள்ள போயிருந்தா இன்னும் விசேஷமா இருந்திருக்கும். பரவால்ல, இதுவும் நல்ல வயசுதான்."

"அவருக்கு இதெல்லாம் தெரியாமப் போச்சு," என்றேன்.

"அவர் நல்ல மனசோடதான் சொல்றாரு அண்ணி," என்றான் கொழுந்தன் பின்னாலிருந்து.

இந்த மன்றத்துக்கு என் வீட்டு வாசலில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கார்டு விளையாட்டுகளுக்குப் படம் போடுகிறவர். சீட்டுக்கட்டு இல்லை. இது வேறு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு பூதமோ வீரனோ மந்திரவாதியோ இருப்பார்கள். அவர்கள் வந்தால் என்ன ஆகும் என்று அடியில் ஓரிரண்டு வரி இருக்கும். பிள்ளைகளுக்கென்று தொடங்கிய விளையாட்டு. இப்போது தலையில் வழுக்கை விழுந்தவர்கள்தான் அதிகம் ஆடுகிறார்கள். ஜன்னல் அகலத்துக்கு அவர் வரைந்து அனுப்புவதைக் கம்பெனி நெருப்புப்பெட்டி அகலத்துக்குச் சுருக்கி அச்சடிக்கும். பிறகு படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பி வந்தவற்றையெல்லாம் அவர் கேட்டவருக்குக் கொடுத்தார். வண்ணக்கடைக்காரருக்கு ஒரு டிராகன். பல் பிடுங்கிய டாக்டருக்கு, பொருத்தமாக, வாயைப் பிளந்த ஒரு முதலை. ஒன்றே ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது வாசலை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே தொங்கியது.

அது பிறந்தது ஒரு மழை நாளில். நான் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன மனிதர், தெப்பலாக நனைந்து, சேற்றுச் செருப்போடு உள்ளே காலை வைத்தார். நான் அதே குடையை ஓங்கிக்கொண்டு, மற்றக் கையை இடுப்பில் வைத்து, வாசலை மறித்து நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, "அப்படியே நில்லு," என்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நின்றேன். விஷயம் அதுவல்ல என்பது படம் காய்ந்த பிறகுதான் தெரிந்தது.

படத்தில் எனக்குக் கொம்பு இருந்தது. குடை, முள் வைத்த கதாயுதமாகியிருந்தது. இடுப்பில் இருந்த கை மட்டும் சந்தேகமில்லாமல் என் கை. பின்னால் வானத்தில் இரண்டு நிலா. அந்த விளையாட்டின் உலகத்தில் நிலாவே இரண்டு என்றார். இடது கீழ் மூலையில் காது பெருத்த ஒரு குட்டிப் பூதம். கழுத்தைக் காணோம். கைக்கு ஒன்றாக நனைந்த செருப்பு, அதில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. என் கணவர் தன்னைத்தானே வரைந்துகொண்டது அந்த ஒரே தடவைதான். போட்டோ எடுக்கப் போனால் சரியாகக் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் அவர். எங்கள் கல்யாணப் படத்தில்கூட நான் மட்டும்தான் விழித்திருக்கிறேன். கண் திறந்த அவர் முகம் என்று எனக்கு இருப்பது அந்தப் பூதம் ஒன்றுதான்.

கம்பெனிக்காரர்கள் அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் கார்டின் அடியில் எழுதினார்கள்: ‘வாசல் மறிக்கும் அரக்கி. இவள் களத்துக்கு வந்தால் எதிராளி தன் கையிலிருக்கும் இரண்டு கார்டுகளைக் கீழே வைக்க வேண்டும்.’ எழுதிவிட்டு, படம் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அடிப்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். கார்டில் என் கணவரும் இல்லை, அவர் கையெழுத்தும் இல்லை. நான் மட்டும் தேசம் தேசமாகப் போய் முன்பின் தெரியாதவர்களை மிரட்டிக்கொண்டிருந்தேன்.

அதோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அச்சடிக்கும்போது எங்கோ தூசி விழுந்து, வானத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்துவிட்டது. "அச்சகத்துல எவனோ தும்மிட்டான்," என்றார் என் கணவர். ஆடுகிறவர்கள் அதற்கு மூன்றாம் நிலா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நிலா உள்ள உலகத்தில் மூன்றாவது ஏன் தோன்ற வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அரக்கிக்குப் பிறக்காமல் போன பிள்ளையின் ஆவி என்றது ஒரு கட்சி. உலகம் முடியப்போவதன் அடையாளம் என்றது இன்னொன்று. அடுத்த பதிப்பில் கம்பெனி தூசியைத் துடைத்துவிட்டது. உடனே, தூசியோடு இருந்த கார்டுகள் கிடைக்காத பொருளாகிவிட்டன.

பிறகு ஒரு சேகரிப்பாளர் அசல் படத்தைத் தேடிக்கொண்டு வந்தார். செருப்பு அலமாரி முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது இல்லிங்க," என்றார். "இதுல மூணாம் நிலாவே இல்லையே. கீழ எலி மாதிரி ஏதோ வேற இருக்கு."

"நிலா உள்ளதுதான் வேணுமா?" என்றார் இவர்.

"அதத்தாங்க தேடிக்கிட்டு வந்தேன்."

"அடுத்த வாரம் வாங்க. போட்டு வைக்கறேன்."

போட்டு வைக்கிறேன் என்று வாய்விட்டுத்தான் சொன்னார். வந்தவர் அதைக் கேட்டுக்கொள்ள விரும்பவில்லை. என் கணவர் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எலி இல்லாமல், கார்டு முடிகிற இடத்தோடு நிறுத்தி, இன்னொரு அரக்கியைப் போட்டார். கடைசியில் நிலா வைக்கும் நேரத்தில் சிரிப்பு வந்து அவருக்குக் கை நிற்கவில்லை. "நீ வையேன்," என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுண்டு விரலை வெள்ளை வண்ணத்தில் தொட்டு வானத்தில் வைத்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.

சேகரிப்பாளர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். "இதுதான் அசல்!" என்றார்.

"அது உங்க இஷ்டம். போட்டது நான்தான்," என்றார் இவர்.

அந்தப் படம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் மன்றத் தலைவரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டோம். என் கணவர் இருக்கும்வரை நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில், தெளிவாகப் பேச முடிந்த கடைசி நாளில், என்னையும் தம்பியையும் பார்த்து, "செருப்பு அலமாரி மேல இருக்கற படம் உங்க ரெண்டு பேருக்கும்," என்றார். மேற்கொண்டு விளக்கம் சொல்ல அவரால் முடியவில்லை.

கொழுந்தன் கெட்டவன் இல்லை. துணி துவைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். கடையிலிருந்த பெரிய மிஷின் நின்றுபோயிருந்தது. சின்னது, எல்லாருடைய சட்டையையும் பாகுபாடில்லாமல் ஒரே நிறமாக்கிக்கொண்டிருந்தது.

"படத்தப் பாதியாக் கிழிக்க முடியாது அண்ணி. வித்தாதான் பாதியாக்க முடியும்."

"செருப்புக்கு மேல தொங்குன படம் தம்பி. அதப் போயி யாரு வாங்குவா?"

"மன்றத்துல கேப்போம். அவங்க ஒரு விலை சொன்னா விக்கலாம். விலை கிடையாதுன்னுட்டா உங்க சுவத்துலயே இருக்கட்டும். நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க. அண்ணன் மேல சத்தியம்."

நியாயமாகத்தான் பட்டது. படத்துக்கு மதிப்பு இருந்துவிடக் கூடாதே என்று அன்றைக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கட்டியவனின் கைவேலையைப் பற்றி ஒரு பெண்டாட்டி இப்படியா வேண்டிக்கொள்வாள் என்று சங்கடமாகவும் இருந்தது.

அதன் பிறகுதான் கையுறை வந்தது.

செயலாளர் படத்தின் முன்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். எங்களையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முகம் சிவந்த பிறகு ஜன்னல் பக்கம் ஓடிப் போய் விட்டுவிட்டு வந்து, "இந்தப் படத்துக்குப் பக்கத்துல நீங்க எத்தனை வருஷமா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து எல்லா ரூம்லயும் விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மதிப்பீடு முடியும்வரை வாசல் வழியாக யாரும் போகக் கூடாது, காற்று அலையும் என்றார். செருப்பு அலமாரியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். மறுநாளிலிருந்து நான் சமையலறைப் பின்கதவு வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டுக் கொல்லையைத் தாண்டி, அவர்கள் நாய்க்கு வணக்கம் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். என் செருப்புகளெல்லாம் நாடாவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டதால், நான் போட்டுக்கொண்டு போனது பின்கதவோரம் கிடந்த என் கணவருடைய பழைய செருப்பு. வார் அறுந்தது. நானே ஊசி போட்டுத் தைத்தது.

படத்தை மன்றத்துக்கு எடுத்துப்போகும் நாளில் வாசலில் வந்து நின்றது பிண வண்டி.

"என்னங்க இது?" என்றேன்.

"அதிர்வே இல்லாமப் போற வண்டி இது ஒண்ணுதான் மேடம்," என்றார் செயலாளர் பெருமையாக. "இதுல போன யாரும் இதுவரைக்கும் ஒரு புகார் சொன்னதில்ல."

எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "இப்பத்தானே ஒரு சாவு ஆச்சு! மறுபடியும் யாரு?"

"படம் அக்கா."

"அய்யய்யோ, நேத்துக்கூட நல்லாத்தானே இருந்துச்சு!"

படத்தைப் படுக்கவைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, மெதுவாக எடுத்துப்போனார்கள். தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். கொழுந்தன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தலையை அசைத்துக்கொண்டு வந்தான்.

மன்றம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும் என்பதால் அங்கே படங்களை இருட்டில்தான் பார்ப்பார்கள். எல்லார் கையிலும் சின்ன டார்ச். தப்பித் தவறி நல்ல வெளிச்சம் அடித்துவிட்டால் செயலாளர் உச்சுக் கொட்டுவார். முன்வரிசைக்கு எதிரே, தடித்த கண்ணாடிப் பெட்டிக்குள், தலைவருடைய அரக்கி நின்றாள். வானத்தில் மூன்று நிலா. மூன்றாவதைப் பார்த்ததும் என் சுண்டு விரல் தானாக மடங்கியது. பக்கத்தில் ஒரு மேசையில் என் படம்.

முதலில் மைய நிபுணர் வந்தார். கார்டுகளில் படம் சரியாக நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று அளப்பது அவர் தொழில். அதே அளவுகோலை வைத்து என் படத்தை அளந்தார்.

"அரக்கி நடுவுல இல்ல. வலது பக்கமா ஒதுங்கியிருக்கா. பெரிய குறை."

"வாசல்ல அப்படித்தானுங்க நின்னேன். இடது பக்கம் செருப்பு அலமாரி இருக்கே," என்றேன்.

அது ஏற்கப்படவில்லை.

அடுத்தவர் மூலை நிபுணர். கார்டின் நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா என்று சொல்கிறவர். பூதக்கண்ணாடியோடு மூலை மூலையாகப் போனார். படத்தின் நடுவைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

"படத்தப் பாக்கலையா சார்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ஒரு படத்தையும் பார்த்ததில்லை," என்றார் அவர். "பார்த்தால் மூலைமேல் வைத்த கவனம் சிதறிவிடும்."

பிறகு தலைவர் எழுந்தார். கைதட்டினார்கள். இருட்டில் தட்டியதால் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

"நண்பர்களே! அசல் எது, போலி எது என்ற கேள்வி மனித குலத்தைப் பல காலமாக வாட்டி வந்தது. நமது மன்றம் அதை எளிமையாக்கியது. கார்டைப் போல இருப்பது அசல். இல்லாதது போலி. இந்தப் படத்தைப் பாருங்கள். மூன்றாம் நிலா எங்கே? இல்லை. இந்த ஆள் நிலாவைப் போட மறந்துவிட்டான். போலி செய்பவர்கள் எப்போதும் எதையாவது மறப்பார்கள். சரி, எதை மறக்கவில்லை? கையெழுத்தை மறக்கவில்லை! கார்டில் கையெழுத்து இருக்கிறதா? கிடையாது. என் படத்தில்? கிடையாது. தன்மேல் நம்பிக்கை உள்ள எந்த அசலும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளாது."

"ஐயா, அது எங்க அண்ணன் கையெழுத்து," என்றான் கொழுந்தன்.

"ஓவியர் தவறு செய்யலாம் தம்பி. மன்றம் செய்யாது. அடுத்து, இதைப் பாருங்கள்."

மேசைக்கு மேலே ஒரு கேமராவை வைத்தார்கள். தலைவருக்குப் பின்சுவரில் இருந்த திரையில் என் படத்தின் இடது கீழ் மூலை பெரிதாக விழுந்தது. செயலாளர் கையிலிருந்த அறிக்கையைப் படித்தார்: "கார்டில் காணப்படாத, அடையாளம் தெரியாத, கீழ்நிலை உயிரினம் ஒன்று. காது மிகை. கழுத்து இல்லை. வயிறு உண்டு. முகத்தில் அறிவின் அறிகுறி தென்படவில்லை. கையில் செருப்புகள், திருடியவையாக இருக்கலாம்."

கொழுந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருடம் அந்தப் படத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றியவன்தான். அரை இருட்டில் மூலையில் இருந்ததைக் கவனித்ததே இல்லை. அவன் பார்வை மெல்ல இறங்கி என் காலுக்கு வந்தது. வார் தைத்த செருப்பைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"அண்ணி," என்றான் மெதுவாக. "அது அண்ணன்தானே?"

"ஆமா."

"யோவ்!" என்று எழுந்துவிட்டான். "யாரப் பாத்து அறிவில்லங்கற? அது எங்க அண்ணன்யா! திருட்டுச் செருப்பா? நான் வாங்கிக் குடுத்த செருப்புய்யா அது!"

"குடும்பத்தாரின் துயரத்தை மன்றம் மதிக்கிறது," என்றார் தலைவர். "ஓவியரே நேரில் வந்து உறுதி சொன்னால் மறுபரிசீலனை உண்டு."

"அவர் செத்துட்டாருங்க!"

"அதைத்தான் செயலாளர் வாழ்த்தில் தெரிவித்துவிட்டாரே."

எனக்கும் பொறுக்கவில்லை. கோர்வையாக உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த வயதிலும் அப்படி ஒரு நினைப்பு. "ஐயா, தூசி விழுந்துதான் கார்டுல அந்தப் புள்ளி வந்துச்சு. உங்க பெட்டியில இருக்கற படமும் அவர் போட்டதுதான், கார்டைப் பாத்து. அதுல அந்த நிலாவ வெச்சது நான். இந்த விரலால."

மன்றம் முழுவதும் என் விரல்மேல் டார்ச் அடித்தது. பிறகு ஒரு கருணையான சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அம்மா," என்றார் தலைவர், "மூன்றாம் நிலாவைப் பற்றி இதுவரை மூன்று நூல்கள் வெளிவந்திருக்கின்றன. உங்கள் விரலைப் பற்றி ஒன்றும் வரவில்லை."

பலத்த கைதட்டல். படம் போலி என்று தீர்மானமாயிற்று.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. போலி என்றால் விலை இல்லை. விலை இல்லை என்றால் அவர் என் சுவருக்குத் திரும்பிவிடுவார். "ரொம்ப நன்றிங்க, எடுத்துக்கறோம்," என்று எழுந்தேன்.

"அமருங்கள்," என்றார் தலைவர். "போலி என்று கண்டது அப்படியே வெளியே போய்விட்டால் சந்தை என்ன ஆவது? முகத்தில் முத்திரை, இடது கீழ் மூலையில் வெட்டு. இது மன்றத்தின் மரபு."

மூலை நிபுணர் ஒரு கையில் ரப்பர் முத்திரையையும் மறுகையில் மெல்லிய கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மூலையை ஆசையோடு பார்த்தார். திரையில், பூதத்தின் காதுக்குப் பக்கத்தில் கத்தியின் நுனி மரம்போலப் பெரிதாக வந்து நின்றது.

நான் எழுந்ததோ, முன்னால் போனதோ எனக்கு நினைவில் இல்லை. மழை வரும்போல இருந்ததால் குடை கொண்டுவந்திருந்தேன். அது எப்படி என் தலைக்கு மேலே போனது என்றும் தெரியாது. மற்றக் கை தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"எடுடா கைய! அந்த மூலையில இருக்கறது என் வீட்டுக்காரர்!"

திரைக்கு ஒளி போகும் வழியில் நின்றிருக்கிறேன். என் நிழல் திரையில் பூதத்துக்கு மேலே நெடுநெடுவென்று எழுந்தது. ஓங்கிய கை, இடுப்புக் கை எல்லாம் அப்படியே. கொம்பு ஒன்றுதான் குறை.

யாரும் மூச்சு விடவில்லை. செயலாளர் சொல்லாமலேயே விடவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் மீசை முளைத்த நாளிலிருந்து அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள். நான் களத்துக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. மூலை நிபுணர் முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு கத்தியையும் வைத்தார். பின்வரிசையில் யாரோ தேநீர்க் கோப்பையையும் பிஸ்கட்டையும் வைக்கும் சத்தம் கேட்டது.

முதலில் தெளிந்தவர் தலைவர்தான். தலைவரானவர் சும்மா ஆகிவிடுவதில்லை.

"நண்பர்களே," என்றார், குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஒரு முக்கியமான உண்மை இப்போது வெளிப்பட்டிருக்கிறது. கார்டில் இருப்பவள் கற்பனை. இந்தப் படத்தில் இருப்பவர்... இந்த அம்மா. இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?"

யாருக்கும் இல்லை.

"ஆகவே இது கார்டுப் படமே அல்ல. கணவனும் மனைவியும் உள்ள குடும்பப் படம். குடும்பப் படங்களை மன்றம் மதிப்பிடுவதில்லை. மதிப்பே இல்லாத ஒன்றைப் போலி என்று சொல்லவும் நமக்கு அதிகாரம் கிடையாது. எடுத்துப் போகலாம்."

இந்தத் தடவை கைதட்டலில் நிம்மதி இருந்தது.

மதிப்பு இல்லை என்று ஆனதும் செயலாளர் கையுறையைக் கழற்றிவிட்டார். படத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டிக்கு வேறு சோலி இருக்கிறது என்றார். மாடிப்படி இறங்கும்போது பின்னால் யாரோ வந்தார்கள். தலைவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்த விரல்னு சொன்னீங்க?" என்றார்.

காட்டினேன். டார்ச் அடித்துச் சுண்டு விரலை முன்னும் பின்னும் வெகுநேரம் பார்த்தார். எதிர்வெயிலில் நிற்கிறவர்போல அவர் கண் சுருங்கியிருந்தது. பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"இத வெளிச்சத்துல அதிகம் காட்டாதீங்கம்மா."

நல்ல மனிதர்தான் என்று தோன்றியது.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தது கொழுந்தன். ஒவ்வொரு பள்ளத்திலும் அதிர்ந்தது. "மிஷின தட்டிக் கொட்டி ஓட்டிக்கறேன் அண்ணி," என்றான், நான் கேட்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, "வயிறு உண்டாம்ல," என்று சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. முன்சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர்களுக்கு என்ன நல்லது நடந்ததோ என்று நினைத்திருப்பாள்.

வீட்டில் மஞ்சள் நாடாவை அறுத்துவிட்டு, வாசல் தரையைத் துடைத்தேன். படம் மாட்டியிருந்த பழைய ஆணியையும் செயலாளர் ஆராய்ச்சிக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருந்ததால், படத்தை அலமாரிமேல் சாய்த்து வைத்தோம். கொழுந்தன் ஆணி வாங்கிவரப் போனான். மழை பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது அவனிடமிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணில் ஒரு பளபளப்பு. ஆணிக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது மனிதனுக்கு யோசனை வரும்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அந்தக் கீழ் ஓரத்த மட்டும் உள்பக்கமா மடிச்சுட்டு, மேல வானத்துல நீங்க ஒரே ஒரு விரல..."

சொல்லிக்கொண்டே சேற்றுச் செருப்போடு துடைத்த தரைமேல் காலை வைத்தான்.

அவனை அழைத்துவரலாம் என்று நான் குடையைக் கையில் எடுத்திருந்தேன். வாசலுக்கு வந்து நின்றேன், அவ்வளவுதான்.

அவன் பேச்சு நின்றது. செருப்பைக் கழற்றிக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டான். கழுத்து தோளுக்குள் போயிற்று. அந்தக் காது அவர்கள் குடும்பத்துக் காது, அன்றைக்குத்தான் கவனித்தேன். என்னைப் பார்த்தான். அலமாரிமேல் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தான். பிறகு ஒரு செருப்பைக் கீழே வைத்தான். இன்னொன்றையும் வைத்தான்.

படத்தில் இருந்தவர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.